ஊதாத ரயிலும் என் ஜரிகை இழையும்

ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருந்தாலும், ஏதாவது மறந்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர் செய்தவர். இப்போது மகன் வாங்கித் தந்த பொம்மை ரயிலே கதி. நான் ஜரிகை சுற்றுகிற கூடத்தில்தான் அதன் தண்டவாளம். நிஜ ரயில் போலவே ஊதும். என்னிடம் பேசாதவர் அதனிடம், "ஊதுடா ராஜா" என்று கொஞ்சுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு திங்கட்கிழமை ரயில் ஓடியது, ஊதவில்லை. மூடியைக் கழற்றி, சத்தம் தருகிற டீகோடரின் ஒயர்களை மறுபடி பற்றவைத்தார். பலனில்லை. ஸ்பீக்கரின் இரண்டு ஒயருக்கும் குறுக்கே என் ஜரிகை இழை மின்னியதை நான் பார்த்தேன். ஜரிகையில் கரன்ட் பாயும் என்று எனக்குத் தெரியாதா? கிடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ரயிலைப் பெட்டியில் வைத்துக் கட்டினார்.

"கை நடுங்குது. நான்தான் கெடுத்துட்டேன். இனிமே எதையும் தொடமாட்டேன்."

எனக்குத் தாங்கவில்லை. பெட்டியைப் பிரித்து, ஊசியால் இழையை எடுத்துப் போட்டேன். ஊதியது.

"எப்ப பாத்த?"

"திங்கக்கிழமையேங்க. நீங்க அதையே கொஞ்சிகினு இருந்தீங்க..."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கை நல்லாதான் கீதுன்றியா?"

ரயில் மேல் பொறாமைப்பட்டு, மூன்று நாள் அவர் கையை அவரே நம்பாதபடி செய்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

டீகோடர், ஸ்பீக்கர் பற்றி எழுதியது சரியா என்று விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்துங்கள். அவரிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.