பின்கதவில் எழுதியது

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை, ஆள் முன்னால் நின்று நாலு வார்த்தை சேர்த்துச் சொல்ல வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே, வாத்தியார் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்பார் என்ற பயத்தில்தான். பிறகு டிங்கரிங் வேலைக்குப் போனேன். இடிபட்ட கார்களின் தகட்டைச் சுத்தியலால் தட்டி நெளிவெடுக்கிற வேலை. தகடு கேள்வி கேட்காது. இப்போது அவனியாபுரத்தில் சொந்தமாக ஒரு பட்டறைக் கொட்டகை இருக்கிறது. நான் தட்டிக் கொடுப்பேன். கோரிப்பாளையத்திலிருந்து மொபெட்டில் வரும் என் கூட்டாளி பெயிண்ட் அடிப்பார். வண்டி கொண்டுவருகிறவர்களிடம் பேசுவதும் அவர்தான்.

என் காரை நான் வாங்கினேன் என்பதைவிடச் செய்தேன் என்பதுதான் சரி. மேலூர் ரோட்டில் உருண்ட வண்டி. பழைய இரும்புக்குப் போக இருந்ததைக் கேட்டு எடுத்துவந்து, இரண்டு வருடம், வேலை முடிந்த சாயங்காலங்களில் தட்டினேன். என் கை படாத தகடு அதில் இல்லை. கூட்டாளி வெள்ளை அடித்துக் கொடுத்தார். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கேட்பார். அந்தக் காருக்குள் என்னை யாரும் எதுவும் கேட்க முடியாது. மனைவி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளும் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வாசலில் வேப்பமரத்தடியில் விட்டுப்போன காரின் பின்கதவு உள்ளே போயிருந்தது. கதவின் கைப்பிடி பிய்ந்து, அதை யாரோ எடுத்து பானட் மேல் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

குனிந்து பார்த்தேன். இடிபட்ட கதவு எனக்குப் புத்தகம் மாதிரி. பள்ளம் இருந்த உயரம் கார் இடிக்கிற உயரம் இல்லை. வேனின் பின்மூலை. ரிவர்ஸ் எடுக்கும்போது பட்டிருக்கிறது. பள்ளத்திலிருந்து முன்பக்கமாக ஒரு நீளக் கீறல். இடித்தது தெரிந்து நின்றவன், ஸ்டியரிங்கை நேராக்கிக்கூட எடுக்காமல், அவசரத்தில் இழுத்துக்கொண்டு போன கீறல் அது. கைப்பிடி அதில்தான் பிய்ந்தது. மடிப்புக்குள் மஞ்சள் பெயிண்ட். எங்கள் தெருவுக்கு வருகிற மஞ்சள் வேன் ஒன்றுதான். காலையில் பிள்ளைகளை ஏற்ற வரும் ஸ்கூல் வேன்.

பள்ளத்தை மன்னித்திருப்பேன். எவனுக்கும் கை தப்பும். அந்தக் கீறலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் வேன் வந்து நின்றபோது போனேன். பிள்ளைகளை ஏற்றிவிட வந்த அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். டிரைவர் முப்பது வயதுக்காரன்.

"தம்பி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. காரைக் கையால் காட்டினேன்.

"அய்யய்யோ, யாருண்ணே இப்பிடி வச்சுச் செஞ்சது?"

வேனின் பின்மூலையைக் காட்டினேன். அங்கே ‘பள்ளி வாகனம்’ என்று பளபளப்பாக ஒரு ஸ்டிக்கர். அதற்கு முன் அந்த இடத்தில் ஸ்டிக்கர் கிடையாது.

"ஸ்டிக்கர் ஒட்டுனா குத்தமாண்ணே? பிள்ளைக போற வண்டி, பழி போடாதீங்க. ரோட்டுல காரப் போட்டா வாரவன் போறவன் உரசத்தான் செய்வான். நீங்கதான் டிங்கராச்சே, ரெண்டு தட்டு தட்டுனா சரியாப் போச்சு. ஓசித் தட்டு!"

அம்மாக்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தேன். அந்தச் சிரிப்பு என் வாயில் ஒரு வாரம் கசந்தது. தகட்டைத் தட்டும்போதெல்லாம் ‘ஓசித் தட்டு, ஓசித் தட்டு’ என்றே சத்தம் கேட்டது. அவன் அதே இடத்தில், அதே அம்மாக்கள் முன்னால், நான்தான் இடித்தேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கூட்டாளியிடம் சொன்னேன். அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"பெரிய சுத்தியலக் குடு மாப்ள. அந்த வேன்ல ஒரு கண்ணாடி மிஞ்சக் கூடாது."

"பிள்ளைக போற வண்டி."

"அப்ப அவன் பல்லு?"

"வேணாம். காசு வெட்டிப் போடப் போறேன்."

எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவன் செய்கிற காரியம் அது. காளி கோயிலில் கட்டை மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, உளியால் இரண்டாக வெட்டி, எனக்கு அநியாயம் செய்தவனை நீ பார்த்துக்கொள் என்று ஆத்தா காலடியில் போட்டுவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகு எதிராளி வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலும், ஒரு மாடு செத்தாலும், காசு வேலை செய்கிறது என்பார்கள். அவனுக்கும் அப்படித்தான் தோன்றும்.

கூட்டாளி யோசித்தார். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல மாப்ள. ஆனா அவனுக்கு இருக்கும்ல. அது போதும்."

வாயால் சொல்ல வராததால் எழுதினேன். கூட்டாளியிடம் சிவப்புப் பெயிண்ட் வாங்கி, நசுங்கிய கதவிலேயே, பள்ளம் மேடு பார்க்காமல் எழுதினேன்: ‘இந்தக் கதவை இடித்தவருக்கும், பார்த்தும் சொல்லாதவர்களுக்கும் சேர்த்து, வருகிற வெள்ளிக்கிழமை காளி கோயிலில் காசு வெட்டிப் போடப்படும்.’ கைப்பிடியை எடுத்து பானட் மேல் வைத்த ஆள் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இரண்டாவது வரி. காரைத் திருப்பி, கதவு வேன் நிற்கும் இடத்தைப் பார்க்கும்படி நிறுத்தினேன்.

தெரு கலங்கிப்போனது. அன்று ஊரிலேயே இல்லை என்று சொல்ல மூன்று பேர் வீடு தேடி வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறந்து காட்டினார். "செவ்வாக்கிழம பல்லுப் புடுங்கப் போயிட்டேன்ணே. இந்தா பாருங்க ஓட்டை. என்னைச் சேத்துராதீங்க." நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் இவ்வளவு பலம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் எழுதிய மறுநாள், செவ்வாய்க்கிழமை, டிரைவர் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். புதன்கிழமை பாட்டு இல்லை. வியாழக்கிழமை ஹாரன்கூட அடிக்கவில்லை. அவன் மனைவி மாசமாக இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவி அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எனக்கும் சேத்தா வெட்டப் போறீங்க?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கைப்பிடிய எடுத்து வச்சது நாந்தேன். மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். பிள்ளைகள ஏத்திவிட்டு எல்லாரும் போயாச்சு. இடிச்சான். எறங்கி வந்து கதவத் தடவிப் பாத்தான். சுத்திமுத்தும் பாத்துட்டு ஏறிப் போயிட்டான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க போய்க் கேப்பீங்க. அவன் எகத்தாளமா நாலு வார்த்த பேசுவான். நீங்க சிரிச்சுக்கிட்டே நிப்பீங்க. அதை நான் மாடியில நின்னு பாக்கணுமா?"

நான் சிரித்துக்கொண்டு நின்றதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

அவன் மேல் இருந்த ஆத்திரம் அன்றைக்கு இரண்டு மடங்கானது. என் வீட்டுக்காரியையே என்னிடம் மறைக்க வைத்துவிட்டான். ஆனால் காசை இனிமேல் வெட்ட முடியாது. நானே எழுதிய எழுத்து, பார்த்தும் சொல்லாதவர்களுக்கும் சேர்த்து. அதை இப்போது அழித்தால் தெருவே கேட்கும். டிரைவர் கேட்பான். மறுபடி பாட்டுப் போடுவான்.

"வெட்ட மாட்டேன். ஆனா நாளைக்குப் போவேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, வேன் நிற்கிற நேரம் பார்த்துக் காரை எடுத்தேன். உளியும் சுத்தியலும் முன்சீட்டில் தெரியும்படி கிடந்தன. வேன் பக்கத்தில் போகும்போது, வாழ்க்கையில் முதல்முறையாகத் தேவை இல்லாமல் ஹாரன் அடித்தேன்.

கோயில் ரிங் ரோட்டைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. பூசாரியிடம் காசைக் காட்டினேன். அவர் கட்டையை இழுத்துப் போட்டார். நான் காசை வைத்தேன், அதன் மேல் உளியை நிறுத்தினேன், காத்திருந்தேன்.

"என்னப்பா, நல்ல நேரம் பாக்குறியா?" என்றார் பூசாரி.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு எவ்வளவு நேரத்தில் இங்கே வர முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சரியாகத்தான் போட்டிருக்கிறேன். டிரைவர் பைக்கை ஸ்டாண்டுகூடப் போடாமல் சாய்த்துவிட்டு ஓடிவந்தான்.

"அண்ணே, வெட்டாதீங்கண்ணே. வீட்ல மாசமா இருக்காண்ணே."

நான் சுத்தியலை ஓங்கினேன். என் கை பேச்சில்தான் நடுங்கும், வேலையில் நடுங்காது. மெதுவாக ஒரே ஒரு தட்டு. காசில் மயிரளவு கோடு விழுந்தது. வெட்டவில்லை. அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

"நாந்தேண்ணே இடிச்சேன்! எறங்கிப் பாத்துட்டுத்தேன் போனேன். ஆத்தா மேல சத்தியமா நாந்தேன். கதவ நானே சரிபண்ணித் தாரேன், உளிய எடுங்கண்ணே."

பூசாரி என்னைப் பார்த்தார். எனக்கு அது போதவில்லை.

"இங்க இல்ல" என்றேன். "தெருவுல சொல்லு."

திங்கட்கிழமை காலையில் சொன்னான். வேனை விட்டு இறங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணே கார நாந்தேன் இடிச்சேன்" என்று முணுமுணுத்தான். அம்மாக்கள் எல்லோரும் நின்றார்கள். மாடியில் என் மனைவி துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கல" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். முகம் கருத்துவிட்டது. கத்திச் சொன்னான். இந்தத் தடவை வேனுக்குள் இருந்த பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்தன. யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

எழுத்தை மட்டும் அன்றைக்கே தின்னர் போட்டுத் துடைத்துவிட்டேன். கதவின் பள்ளத்தைத் தட்டி எடுக்கவில்லை. அவன் கேட்டான், நானே இன்னொரு டிங்கரிடம் கொண்டுபோகிறேன் என்றான், கொடுக்கவில்லை. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம். இனிப்புக் கொண்டுவந்தான். வாங்கிக்கொண்டேன். வாசலில் தயங்கி நின்று, "அண்ணே, அந்தக் காசச் செலவு பண்ணிருங்கண்ணே" என்றான்.

"பாப்போம்" என்றேன்.

காசு இன்னும் காரின் முன் டிராவில்தான் கிடக்கிறது. என் மனைவி அதை எடுத்துக் கோடைத் தடவிப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிடுவாள். கூட்டாளி மட்டும் நச்சரிக்கிறார். "டிங்கர் கார் நசுங்கிக் கெடந்தா எவன் மாப்ள நம்மகிட்ட வண்டி விடுவான்?" எனக்கு அந்தக் கதவு அரை நாள் வேலை.

காலையில் வேன் எங்கள் தெருவில் திரும்பும். அவன் வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்னால் வந்து என் காருக்கும் வேனுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பான். பள்ளத்தையும் ஒருமுறை பார்ப்பான். பிறகு ஏறி, அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுப்பான். நான் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடிப்பது அந்த நேரத்தில்தான்.