காக்காய்க்கு மட்டும்

எங்கள் தெரு ராஜபாளையத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. மாந்தோப்புகளில் காய்ப்பு முடிந்ததும் குரங்குகள் தெருவுக்குள் வரும், கொஞ்ச நாளில் மலைக்குத் திரும்பிவிடும். போன வருடம் திரும்பவில்லை. ஏன் திரும்பும்? ஒருவர் பழம் போட்டார், ஒருவர் பிஸ்கட் போட்டார், சனிக்கிழமையானால் ஆஞ்சநேயர் பேரில் சுண்டல் வேறு. எதிர் வீட்டுச் சிறுமி முறுக்கைத் தின்றுகொண்டு வாசலில் நின்றாள். ஒரு குரங்கு முறுக்கையும் பிடுங்கி, அவள் கையையும் கடித்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் பிள்ளையார் கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். தெருச் சங்கத் தலைவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வனத்துறையில் நேரிலேயே கேட்டுவிட்டு வந்திருந்தார். சாப்பாடு கிடைக்கிறவரை, இந்தக் குரங்குக் கூட்டத்தைப் பிடித்துப் போனாலும் அடுத்தது வரும் என்று சொன்னார்களாம். ஆகவே மொட்டை மாடி, மதில், வாசல், எங்கேயும் யாரும் எதையும் வைக்கக் கூடாது. மீறினால் கோவில் போர்டில் பெயரை எழுதிவிடுவார்கள்.

என் கணவருக்கு முதல் வருடத் திதி வர இருந்தது. அந்த மாதிரி நாளில் காகம் சோறு எடுக்காமல் என் மாமியார் ஒரு பருக்கை தொடமாட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. போன அமாவாசைக்குக் காகம் வரத் தாமதமாகி, சர்க்கரை இறங்கி, உட்கார்ந்த இடத்திலேயே சரிந்துவிட்டார். நானும் அவரும் மட்டும் இருக்கிற வீடு அது.

எழுந்து கேட்டேன். “காக்காய்க்கு வைக்கிற சோறும் இதுல சேத்தியா?”

எல்லாரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்களே.

“காக்காய்க்கு வைக்கலாம். குரங்கு திங்கக் கூடாது, அம்புட்டுதான்” என்றார் தலைவர்.

“அத குரங்குகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

எதிர் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. மகளின் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். “செத்தவியளுக்கு எம்புட்டு யோசிக்கிறிய! இருக்கிற பிள்ளைக்கு யாரு யோசிக்கிறது?”

அவள் கேட்டது நியாயம்தான். அதனாலேயே அவள்மேல் எரிச்சலாக வந்தது.

இழுபறிக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். திதிக்கும் அமாவாசைக்கும் காக்காய்க்கு மட்டும் வைக்கலாம். வைத்தவர், காகம் எடுக்கும்வரை கம்போடு பக்கத்திலேயே நிற்க வேண்டும். எடுத்ததும் இலையைக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். எல்லாரும் கை தூக்கினோம். கம்போடு ஆள் நிற்கிற இடத்துக்கு எந்தக் காகம் வரும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திதியன்று மாடிச் சுவரில் இலையை வைத்து, “கா, கா” என்று கூப்பிட்டேன். ஒரு காகம் வந்து கரண்டுக் கம்பியில் உட்கார்ந்தது. சோற்றைப் பார்த்தது, என் கையிலிருந்த கம்பைப் பார்த்தது, அங்கேயே இருந்துகொண்டது. நான் மாடிப்படி வரைக்கும் பின்வாங்கினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்தது. ஓடிப்போய்க் கம்பைத் தரையில் தட்டினேன். குரங்கு நகர்ந்தது, காகமும் பறந்துபோனது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி அதே கதை. எதிர் வீட்டுக்காரி ஜன்னலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரங்குக்கு விட்டுக்கொடுத்தால் அவள் பிள்ளை வாசலுக்கு வர முடியாது. விடாமல் நின்றால் என் மாமியார் சாப்பிடமாட்டார். காலையில் வழக்கம்போலச் சர்க்கரை மாத்திரையை வேறு விழுங்கியிருந்தார்.

“எடுத்துருச்சா ஏட்டி?” என்று கீழேயிருந்து கேட்டார்.

“இல்ல அத்தை. செத்த நேரம் பொறுங்க.”

திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு முறையும் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு கேட்கவே இல்லை. “அத்தை” என்று நான் கூப்பிட்டதற்கும் பதில் இல்லை.

இலையை அள்ளிக்கொண்டு கீழே ஓடினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றி முழுக்க வியர்வை, விரல்கள் நடுங்கின. பயத்தில் எனக்குக் கத்தத்தான் வந்தது.

“உங்களையும் தூக்கிக் குடுத்துட்டு, நான் யாருக்கு யாருக்குச் சோறு வைக்க?”

இலையைக் கீழே வைத்துவிட்டு, டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து வாயருகே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த இலையில் சோறு வைத்தபடியே இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சாப்பிட்டேனான்னு கேக்காம, என்னைக்காச்சும் அவன் சோத்துல கை வச்சிருக்கானா?” என்று மெதுவாகக் கேட்டார்.

வைத்ததில்லை. கல்யாணமான புதிதில் அதற்காகவே நான் என் கணவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

“எனக்காகத்தான் பாத்துக்கிட்டு இருக்கான் போல. குடு ஏட்டி.”

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். சோறு போடச் சொன்னார், போட்டேன். நாலு வாய் சாப்பிட்ட பிறகு மாடிப்படிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

“சாப்பிட்டேன்ப்பா. நீ சாப்பிடு” என்றார்.