பேசாதவளை நீக்கிய நாள்

பழைய கைபேசியை மாற்றுவதற்கு முன் அதிலிருந்ததையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தேன். அடியில் எங்கேயோ ‘வேன் பிள்ளைகள்’ என்ற வாட்ஸ்அப் குழு கிடந்தது. திறந்தால், உறுப்பினர் ஒருவர். நான்தான்.

மகள் கொட்டாஞ்சேனையில் இரண்டாம் வகுப்புப் படித்த காலம் அது. வெள்ளவத்தையிலிருந்து அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். வேன் பம்பலப்பிட்டியைத் தாண்டுமுன் குழுவில் மூன்று கேள்வி போட்டிருப்பேன். அந்தப் பள்ளி வேனில் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்காகக் குழுவைத் தொடங்கியவள் நான். அதனால் அதிபர் என்றும் நினைப்பு.

ஃபரீதா எழுதவே மாட்டாள், குரல்பதிவுதான். பின்னால் குக்கர் விசிலடிக்கும். இப்போதும் எங்கேயாவது விசில் கேட்டால் அவள் வீட்டுக் கறிக்குப் போடும் ரம்பையிலை மணப்பதுபோலிருக்கிறது. கல்கிசையிலிருந்த ஒரு தகப்பன் விடிந்தால் ரோஜாப்பூப் படம் போடுவார். ஜிந்துப்பிட்டிச் செல்வி எதுவுமே போடமாட்டாள். வாசித்ததற்கு அடையாளமாக நீலக் கோடு மட்டும் விழும்.

அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை. பதில் வராவிட்டால் என் மனம் விபத்து, ஆஸ்பத்திரி என்று ஓடும். “பதில் போடாத ஆக்களை எடுத்துப்போடுவன்” என்று எழுதினேன்.

“அவ பேசாட்டி ஒங்களுக்கு என்ன? குழுவுல சும்மா ஈந்துட்டுப் போகட்டுமே” என்றாள் ஃபரீதா, விசிலோடு.

“ஓம், ஓம்” என்று எழுதிவிட்டு அன்றைக்கே செல்வியை நீக்கினேன். பூப்படக்காரர் தப்பினார். பூவும் ஒரு பதில்தானே.

அடுத்த மாதம் ஒருநாள் நகரமே வெள்ளக்காடு. இரண்டரைக்கு வரவேண்டிய வேன் நாலாகியும் வரவில்லை. டிரைவரின் போன் வேலை செய்யவில்லை. குழுவில் நாற்பது செய்திகள், பாதி என்னுடையவை. யாருக்கும் எதுவும் தெரியாது. ஃபரீதாவின் பதிவில் அன்று விசிலும் இல்லை, அழுகைதான்.

ஐந்து மணிக்கு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே யாரோ பையனின் சட்டையில் மகள், நனையாமல். பக்கத்தில் தெப்பமாக நனைந்த ஒரு பெண்.

“பயப்படாதீங்க அக்கா. எம் மகன எறக்க வந்த வேன் எங்க சந்துலயே நின்னுபோச்சு. டிரைவரண்ணன் போன்ல தண்ணி. மத்த புள்ளைங்க நம்ம வூட்லதான் இருக்காங்க.”

“ஒரு வரி போட்டிருக்கலாம்தானே!” நான் கத்தினேன். நன்றி சொல்லவேண்டிய நேரத்தில் கத்தினேன்.

“எங்க போடுறது? நீங்க எடுத்ததும் வெக்கமா போச்சு, எல்லாத்தையும் அழிச்சிட்டேன். யாரு நம்பரும் இல்ல. பாப்பாதான் வீடு காட்டிச்சு.”

அப்போதுதான் அவள் யாரென்று உறைத்தது.

“ஏன் ஒருநாளும் கதைக்கேல்ல?”

“நீங்க அடிக்கிற வேகத்துக்கு எனக்கு வராது அக்கா. ஆனா எல்லாத்தையும் படிச்சிருவேன்” என்று சிரித்தாள்.

பிள்ளைகள் பத்திரம் என்று குழுவில் போட்டுவிட்டு அவளைத் திரும்பச் சேர்த்தேன். பிறகும் ஒரு சொல் எழுதவில்லை. ஆனால் என் கேள்வியை யார் வாசித்தார்கள் என்று பார்த்தால், முதலில் அவள் பெயர்தான் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தேநீர் இறங்கும்.

பிள்ளைகள் வளர, ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பூ வருவதும் நின்றது. செல்வி எப்போது போனாள் என்றே தெரியாது. மகள் இப்போது மெல்பேர்னில். நான் நீளமாக எழுதினால் இரண்டு நாள் கழித்து ஒரு பெருவிரல் படம் வரும். பொறுத்துக்கொள்கிறேன். மழை பெய்தால் மட்டும் கைபேசியை எடுத்தெடுத்துப் பார்க்கிறேன்.

இன்றும் மழை. அழிக்குமுன் ‘வேன் பிள்ளைகள்’ குழுவில் எழுதினேன்: “பிள்ளையள் வந்திட்டினமோ?”

சாம்பல் நிறத்தில் ஒற்றைக் கோடு விழுந்தது. அது நீலமாகுமா என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.