அப்பா கயிறு தாண்டிய ஆட்டம்

வேல்ஸிலிருந்து வந்திருந்த மாமாவுக்கு டென்மார்க்கில் எல்லாமே பிடித்திருந்தது. பேச்சுத் துணைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அவர் பேச விரும்பியது ரக்பியைப் பற்றி. நாங்கள் குடியிருந்த ஸ்கீவ என்ற சிற்றூரில் எங்களுக்குத் தெரிந்த தமிழர்கள் எல்லாரும் காற்பந்துக்காரர்கள். ரக்பிப் பந்து முட்டை வடிவத்தில் இருக்கும் என்பதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மாமா மனம் தளரவில்லை. அவர் தாதியாக வேலை செய்த ஊருக்கும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஊருக்கும் தாத்தாமார் காலத்துப் பகையாம். இரண்டு ஊர்க் கழகங்களும் மோதுகிற நாளில் கலியாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டானாம். ஊசி போடப் போனால் கிழவர்கள் கையை நீட்டமுதல் “நீ எந்தப் பக்கம்?” என்று கேட்பார்களாம். அம்மா அவருடைய தட்டில் சோற்றைக் குவிப்பதுதான் அந்தப் பேச்சை நிறுத்த ஒரே வழியாக இருந்தது.

அப்பா எல்லாவற்றுக்கும் “ஓம் மச்சான்” என்பார். தளபாடத் தொழிற்சாலையில் காதடைப்பான் போட்டு வேலை செய்து பழகியவர். வீட்டிலும் அதைக் கழற்றாதவர் போலத்தான் இருப்பார்.

அப்போது எனக்குப் பத்து வயது. அக்கா ஓகூஸ் நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மாமாவைப் பார்க்கச் சனிக்கிழமை வரச் சொன்னபோது, அன்று முழுக்கக் குழுவேலை, ஞாயிறு வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னாள். அவள் படிப்பதை நினைத்து அம்மாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சனிக்கிழமை காலை கோழிக்கறியும் இடியப்பமும் கட்டித் தந்துவிட்டு, முதியோர் இல்லத்தில் வேலை முறை என்று போய்விட்டாள். அக்காவின் அறையில் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் கடலையும் பார்த்து வருவோம் என்று மாமாதான் எங்களைக் கிளப்பினார். பாதி வழியில்தான் உண்மையைச் சொன்னார். ஓகூஸில் அன்று இரண்டு ரக்பிக் கழகங்கள் மோதுகின்றன என்று கைத்தொலைபேசியில் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

“கொஞ்ச நேரம் பாப்பம் அத்தான். பிள்ளை எப்பிடியும் பின்னேரம்தானே அறைக்கு வருவாள்.”

அப்பா “ஓம் மச்சான்” என்றார்.

மைதானம் காட்டோரம் இருந்தது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தார்கள். சனம் அதிகமில்லை, குழந்தை வண்டிகளும் நாய்களும் சேர்ந்துதான் கூட்டம் மாதிரித் தெரிந்தது. மாமாவின் முகம் வாடிவிட்டது. ஆனால் பக்கத்தில் நின்ற ஒரு டேனிஷ்காரர் கதை சொல்லத் தொடங்கியதும் மலர்ந்தது. இரண்டும் ஒருகாலத்தில் ஒரே கழகமாம். ஆட்டம் முடிந்தபின் சட்டைகளை யார் தோய்ப்பது என்ற சண்டையில் உடைந்ததாம். அன்றிலிருந்து துறைமுகக் கழகம், காட்டுக் கழகம். இந்த வாரத்தில் ஒரே மாடிப்படியில் குடியிருக்கிறவர்கள்கூடக் காலை வணக்கம் சொல்லமாட்டார்களாம். நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல மாமா அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்காத குறை.

“இதுதான் அத்தான், இதுதான்! எங்கட ஊர் மாதிரியே!”

எங்கட ஊர் என்று அவர் சொன்னது வேல்ஸை.

முதலில் பெண்களின் ஆட்டம். பெண்களும் இதை விளையாடுவார்கள் என்பது எனக்குப் புதிது. ஒருத்தியை ஒருத்தி இடுப்பில் பிடித்துத் தூக்கி நிலத்தில் அறைந்தார்கள். அறை வாங்கியவள் எழும்பி, மண்ணைத் துப்பிவிட்டு ஓடினாள். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமா துள்ளிக்கொண்டிருந்தார். துறைமுகக் கழகத்தில், தலைக்கவசம் போட்ட கட்டையான ஒரு பெண் அவரை மிகவும் கவர்ந்துவிட்டாள்.

“அந்தப் பெட்டையைப் பாருங்கோ அத்தான்! மாடு மாதிரி இடிக்கிறாள்! என்ன பிள்ளையப்பா, ஆர் பெத்ததோ!”

அந்தப் பெண் இடது தோளைச் சற்று உயர்த்தியபடி ஓடினாள். அப்படி ஓடுகிற ஒருத்தியைத்தான் எனக்கு இந்த உலகத்தில் தெரியும்.

“அது எங்கட பிள்ளை” என்றார் அப்பா.

மாமா அங்கே வாங்கிக் கடித்துக்கொண்டிருந்த சொசேஜ் வாயிலேயே நின்றது. எங்கள் வரவேற்பறையில் அக்கா சலங்கை கட்டி நிற்கிற படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அரிசி மூட்டையைத் தூக்கச் சொன்னால் இடுப்பு நோகிறது என்பவள். இப்போது மூக்கிலிருந்து இரத்தம் வடிய, பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தன்னைவிட உயரமான மூன்று பேருக்குள் தலையைக் கொடுத்தாள். இனி நடக்கப்போவது என்ன என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன். அப்பா அக்காவைக் காருக்கு இழுத்துப் போவார். படிப்பு நின்றுவிடும். அம்மா அழுவாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. அது எனக்குத் தெரிந்த எந்த முகமாகவும் இல்லை.

எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அணியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒரே கட்டியாக நகர்ந்தன. திடீரென்று அந்தக் கட்டி சரிந்தது. அக்கா அடியில் போனாள். அவளுக்குமேல் ஒருத்தி, அவளுக்குமேல் இன்னொருத்தி, பிறகு எல்லாரும். சேற்றில் கால்களும் கைகளும்தான் தெரிந்தன. சனம் கத்தியது. மாமாவும் தன்னை மறந்து கத்தினார்.

அப்பா கயிற்றைத் தாண்டிவிட்டார்.

அவர் ஓடி நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்தக் குவியலுக்குள் கையை விட்டு, அகப்பட்ட சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு பெண்ணைப் புரட்டிப் போட்டார். அடுத்தவளின் கையைப் பிடித்து இழுத்தார். நடுவர் விசில் ஊதினார், மறுபடியும் ஊதினார். கத்திக்கொண்டிருந்த சனம் அடங்கிவிட்டது. அந்த அமைதியில் அப்பாவின் குரல் மட்டும் கேட்டது.

“தங்கச்சி! தங்கச்சி!”

வீட்டில் அக்காவை அவர் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். தங்கச்சி என்பது நான். அக்கா கூப்பிடுவதைப் பார்த்து எல்லோருக்கும் அது பழகிவிட்டிருந்தது.

“அப்பா, நான் இஞ்ச நிக்கிறன்!” என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை.

பெண்கள் ஒவ்வொருவராக எழும்பி விலகினார்கள். கடைசியில் அக்கா. பந்து அவளுக்குக் கீழே, கோட்டுக்கு அந்தப் பக்கம், நிலத்தில் அழுந்திக் கிடந்தது. அது அவர்களுக்குப் புள்ளி. சிரித்துக்கொண்டு நிமிர்ந்தவள் அப்பாவைக் கண்டாள். வாயிலிருந்த பல்கவசத்தைக் கையில் துப்பினாள்.

“அப்பா? நீங்கள் இஞ்ச என்ன செய்யிறியள்?”

அப்பா அவளுடைய தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்தார். தோளை, கைகளை, விரல்களை அழுத்திப் பார்த்தார். பிறகு நடுவரிடம் டேனிஷில் “உன்ஸ்கூல், உன்ஸ்கூல்” என்று மன்னிப்புக் கேட்டபடியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவர் புரட்டிப் போட்ட பெண் காட்டுக் கழகத்துக்காரி, கதவளவு அகலம். அவள்தான் முதலில் வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். ஓரத்திலிருந்து தன்னுடைய மேலங்கியை எடுத்துவரச் சொல்லி அவர்மேல் போர்த்தினாள். “அவளுக்கு ஒன்றும் இல்லை, பாருங்கள், ஒன்றும் இல்லை” என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆட்டம் தொடர்ந்தது. எதிரணியின் பச்சை மேலங்கியைப் போர்த்தபடி அப்பா முடியும்வரை பார்த்தார். அக்காவின் அணி தோற்றது. அதன்பிறகு வந்து நின்ற அக்கா, அழுவதற்கு ஆயத்தமாக இருந்தாள்.

“அப்பா, நான் சொல்லத்தான் இருந்தனான்...”

“சாப்பாடு காரில இருக்கு, பிள்ளை. அந்தப் பெட்டையளுக்கும் குடு” என்றார் அப்பா.

அவ்வளவுதான். திட்டு இல்லை, கேள்வி இல்லை. அது எனக்கு அன்றைய இரண்டாவது அதிர்ச்சி.

திரும்பி வரும்போது மாமாதான் காரை ஓட்டினார். வலதுபக்கம் ஓட்டிப் பழக்கமில்லாததால் ஆமை வேகத்தில் ஓட்டினார். ரக்பியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அப்பா ஏன் அப்படி ஓடினார் என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது என்பது இப்போது விளங்குகிறது. அப்பா என்னோடு பின்னால் இருந்தார். கைநகங்களில் சேறு காய்ந்திருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்பா, நான் வெளியிலதானே நிண்டனான். ஏன் என்னை அதுக்குள்ள தேடினீங்கள்?”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஓம் பிள்ளை” என்றார். “நீ வெளியிலதான் நிண்டனீ.”

அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள் என்பதும், போர்க்காலத்தில் அவருடைய ஊரில் சனம் அடைக்கலம் புகுந்திருந்த கோயில் மண்டபத்தில் ஷெல் குண்டு விழுந்த அன்று, ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தவர்களை இழுத்து இழுத்து அவளைத் தேடினார் என்பதும் எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் இருந்தன. அன்று காரில் எனக்கு மனத்தாங்கலாக இருந்தது. அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும், உடனேயே கண்டிருப்பார். நான் சிவப்பு ஜாக்கெட் போட்டிருந்தேன்.