விளக்கை இறக்காத மனிதர்

மலாயா சுதந்திரம் அடைவதற்கு முந்தைய ஆண்டு எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது. சாம்பல் நிறம், நான்கு கதவு, புத்தம் புதியது. என் கணவருக்கு ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் ஒரு சிறிய துணிக்கடை இருந்தது. ரப்பர் தோட்டங்களில் சம்பளம் போடும் வாரங்களில் அலோர்காஜா பக்கம் துணிமூட்டைகளோடு போய் விற்றுவருவோம். அதுவரை பஸ்ஸில்தான் போனோம். நானும் கூடப் போவது வழக்கம். ரவிக்கைத் துணியும் உள்பாவாடையும் ஆண்பிள்ளையிடம் கேட்டு வாங்கத் தோட்டத்துப் பெண்களுக்குக் கூச்சம்.

காரைக் கொண்டுவந்து ஒப்படைத்தவர் காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, எது எதற்கு என்று சொல்லிக்கொடுத்தார். அதில் விளக்குகளுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குமிழ். ஒருதரம் இழுத்தால் சின்ன விளக்கு. இன்னும் கொஞ்சம் இழுத்தால் பெரிய விளக்கு. பெரிய விளக்கு வெகுதூரத்துக்கு அடிக்கும், அதனால் எதிரில் வண்டி வந்தால் இறக்கிவிட வேண்டும். இறக்குவதற்குக் கைக்கு வேலையில்லை. கிளட்ச்சுக்கு இடப்பக்கம் தரையில் ஓர் இரும்புப் பொத்தான் இருந்தது. இடது காலால் மிதித்தால் ‘டக்’கென்று வெளிச்சம் தாழும், மறுபடி மிதித்தால் ஏறும். ஏறியிருக்கும்போது வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே ஒரு நீலப் பொட்டு எரியும். குமிழை உள்ளே தள்ளிவிட்டால் எல்லாம் அணைந்துவிடும். என் கணவர் பொத்தானை ஏழெட்டு முறை மிதித்துப் பார்த்தார். எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் ஏறி இறங்கியது. அந்த வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

அவர் நல்ல ஓட்டுநர். பகலில் அவர் ஓட்டும்போது மடியில் காப்பித் தம்ளரை வைத்துக்கொண்டு போகலாம். அதனால் பொழுது சாய்ந்த பிறகு அவர் ஓட்டும் விதம் எனக்கு விளங்கவில்லை. அந்தி மங்கியதும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பார், பேசமாட்டார், நான் பேசினாலும் பிடிக்காது. நீலப் பொட்டு அணையவே அணையாது. எதிரில் வருகிறவர்கள் தங்கள் விளக்கை ஏற்றி இறக்கிச் சாடை காட்டுவார்கள். சிலர் ஹாரனை அழுத்திக்கொண்டே தாண்டிப் போவார்கள்.

“கொஞ்சம் எறக்கிப் போடுங்களேன்” என்றேன் ஒருநாள்.

“அவன் எறக்கட்டும் மொதல்ல. எனக்கு ரோட்டு தெரிய வேணாமா?”

புதுக்கார் கொடுத்த திமிர் என்றுதான் நினைத்தேன். வேறு சில விஷயங்களையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். கடையில் மற்றவர்களுக்கு முன்னால் விளக்குப் போட்டுவிடுவார். சாயங்காலம் தம்ளரை நீட்டினால் அவர் கை அதற்கு ஒரு சாண் தள்ளிப் போகும். சமையல்கட்டுப் படியில் இடித்துக்கொண்டு, படி கட்டினவனைத் திட்டுவார். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை.

மழைக்காலத்தில் ஒரு சம்பள நாள், தோட்டத்தைவிட்டுக் கிளம்பத் தாமதமாகிவிட்டது. ஒரு கல்யாணத்துக்கு மொத்தமாகச் சேலை எடுத்தார்கள், நடுவில் எழுந்து வர முடியவில்லை. அலோர்காஜா தாண்டியபோது வானத்தில் வெளிச்சம் இருந்தது, ரப்பர் மரங்களுக்குக் கீழே ரோட்டில் இல்லை. ஒரு வளைவில் எதிரே லோரி வந்தது. அதன் விளக்கு ஏறி ஏறி இறங்கியது.

“லோரி வருது. எறக்குங்க” என்றேன். அவர் அசையவில்லை. “எறக்குங்கன்னா!” என்று கத்தினேன்.

மிதித்தார். வெளிச்சம் தாழ்ந்தது. அடுத்த கணம் கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. அவர்தான் நிறுத்தினார். பிரேக்கை முழுக்க அழுத்தியதில் பின்சீட்டு மூட்டை என் முதுகில் வந்து மோதியது. லோரி சறுக்கிக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால் நின்றது. ஒரு மலாய்க்காரர் இறங்கி ஓடிவந்தார்.

“ஹோய்! மாத்தா பூத்தா கா?”

கண் குருடா என்று கேட்டார். ரோட்டில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். வேறொரு நாளாக இருந்தால் என் கணவர் இறங்கிச் சண்டைக்குப் போயிருப்பார். அன்று கைகளை ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தார். குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். ஆனால் லோரிக்காரரைப் பார்க்கவில்லை, அவருடைய தோளுக்கு அப்பால் எங்கோ பார்த்தார். லோரிக்காரர் அதைக் கவனித்தார். நானும் கவனித்தேன்.

“என்னங்க, அவரு தெரியறாரா?”

“இல்ல.”

“நான்?”

“கொரலு கேக்குது” என்றார்.

இவருக்குக் கண் தெரியவில்லை என்று லோரிக்காரரிடம் மலாயில் சொன்னேன். அந்த வாக்கியத்தை நான் முதன்முதலில் சொன்னது முன்பின் தெரியாத ஒருவரிடம். எனக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். காரை ஓரம் கட்டுவதற்கு வெளியே நின்று வழி சொன்னார். “பெலான்-பெலான், காக்” என்றார். மெதுவாகப் போங்கள், அக்கா என்று அர்த்தம். பிறகு லோரியைப் பின்னுக்கு எடுத்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

பெரிய விளக்கு எரிந்தால் ரோட்டின் நடுக்கோடு மட்டும் தெரிகிறது என்றார் என் கணவர். அதை வைத்துக்கொண்டு மாட்டுவண்டி வேகத்தில் வந்தோம். நான் இடது, வலது சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரே விளக்கு தெரிந்தால் ஓரத்தில் நிறுத்தச் சொல்வேன். என் கையால் குமிழை ஒரு படி உள்ளே தள்ளுவேன், சின்ன விளக்கோடு நிற்போம். வண்டி தாண்டிப் போனதும் இழுப்பேன், கிளம்புவோம். நகரத்துத் தெருவிளக்குகள் வந்தபோது, “எத்தன நாளா இப்படி?” என்று கேட்டேன்.

“காரு வாங்கறதுக்கு முன்னாடியே. பெரிய வெளக்கு இருந்தா சரியாயிடும்னு நெனச்சேன்.”

பெரியாஸ்பத்திரியில் கண்ணுக்குள் சிறு விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார்கள். மாலைக்கண் என்று நாம் சொல்வதுதான். சிலருக்குச் சத்துக் குறைவால் வரும், மருந்தில் போய்விடும். இவருக்கு அப்படியில்லை, கண்ணின் அடியிலேயே கோளாறு என்றார் டாக்டர். இருந்தாலும் என் கணவர் மாதக்கணக்கில் மீனெண்ணெய் குடித்தார். வீடே நாறியது.

யாருக்கும் சொல்லக்கூடாது என்றார். துணிக்கடைக்காரனுக்குக் கண் போய்விட்டதாம் என்று பேச்சு வந்தால் சிவப்பைப் பச்சை என்று விற்கிறான் என்பார்கள். அது நியாயமான பயம்தான். ஆகவே சொல்லவில்லை. தோட்டங்களுக்குப் போகாமலும் இருக்க முடியவில்லை. மத்தியானமே திரும்பிவிடலாம் என்று பார்த்தால், வேலை முடிந்து பெண்கள் குளித்துவிட்டு வரும் நேரமே மூன்று மணிக்கு மேல்.

“நீ கத்துக்க” என்றார் ஒரு காலையில், தோசையைப் பிய்த்துக்கொண்டே. “பகல்ல நான். பொழுது சாஞ்சா நீ.”

புக்கிட் பாரு பக்கம் அப்போது வீடுகள் குறைவு. விடிந்ததும் அங்கே போய்ப் பழகினோம். அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர் அல்லர். நானும் பொறுமையாகக் கேட்டுக்கொள்பவள் அல்லள். தரைப் பொத்தான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. சேலைக் கொசுவம் காலில் மாட்டியது, செருப்பு வழுக்கியது. கடைசியில் வெறுங்காலோடு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு ஓட்டினேன். ஒருநாள் ஒரு தென்னைமரத்தை உரசி, முன்விளக்கு ஒன்று உடைந்தது. இறங்கிப் பார்த்தார். “மரத்துக்கு வெளக்கெறக்க மறந்துட்டியா?” என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அதுதான்.

லைசென்ஸ் கிடைத்தது. தோட்டத்திலிருந்து திரும்பும்போது வானம் சிவக்கத் தொடங்கியதும் அவரே ஓரமாக நிறுத்துவார். இறங்கி, முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு இடம் மாறிக்கொள்வோம். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கஷ்டமாக இல்லை. கார் ஓட்டுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவர் முன்னால் காட்டிக்கொள்ளாமல் ஓட்டினேன்.

சுதந்திர வாரத்தில் ஊரெல்லாம் பல்புத் தோரணம் கட்டியிருந்தார்கள். பார்க்க வேண்டும் என்றார். கடையைக் கொஞ்சம் முன்னதாகச் சாத்திவிட்டுக் கடற்கரை ரோட்டு வழியாக மெல்ல ஓட்டினேன். எங்கும் கூட்டம், கொடிகள். அவர் சன்னல் பக்கம் திரும்பியே வந்தார்.

“தெரியுதா?”

“பல்பெல்லாம் தெரியுது. ரெண்டு பல்புக்கு நடுவுல இருக்கற எதுவும் தெரியல” என்றார். பிறகு, “பரவால்ல, இன்னொரு சுத்து போ” என்றார். போனேன்.

சில மாதங்கள் கழித்து புக்கிட் பாருவில் ஒரு கல்யாண விருந்து. மங்கும் நேரத்தில் போய் இறங்கினோம். நான் ஸ்டியரிங் பக்கமிருந்து இறங்கியதைப் பந்தல் வாசலில் நின்ற ஒருவர் பார்த்தார். எங்கள் கடைவரிசையில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், வாய் நீளம்.

“என்னாண்ணே! அக்கா ஓட்டறாங்க, நீங்க தொரை மாரி பக்கத்துல ஒக்காந்து வர்றீங்க?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர் பேசிவிட்டார்.

“எனக்கு மாலைக்கண்ணுப்பா. பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியாது. இப்ப நீ பேசறதால நீன்னு தெரியுது. அதான் இவ ஓட்டறா.”

சாதாரணமாகச் சொன்னார், நாளைக்குக் கடை லீவு என்று சொல்வதைப்போல. யாரும் சிரிக்கவில்லை. பாத்திரக்கடைக்காரர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு என் கணவரின் முழங்கையைப் பிடித்து, “இங்க ஒரு படி இருக்குண்ணே” என்று பந்திக்கு அழைத்துப் போனார். சிவப்பும் பச்சையும் பற்றி அதன்பின் யாரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் கடைக்கு வந்தவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கிளம்பும்போது அந்தப் பாத்திரக்கடைக்காரரே வந்து நின்றார். மழை வரும்போல் இருக்கிறது, குழந்தைகளோடு பஸ்ஸுக்கு நிற்க முடியாது என்றார். மனைவி, மூன்று பிள்ளைகள் என்று எல்லாரும் பின்சீட்டில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். வழியெல்லாம் அந்த மனைவி என் காலையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். “எங்கக்கா கத்துக்கிட்டீங்க? கஷ்டமாக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்களை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியபோது ஒன்பது மணிகூட ஆகவில்லை. பக்கத்தில் சத்தமே இல்லையே என்று பார்த்தேன். என் கணவர் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காரில் தூங்கி அதுவரை நான் பார்த்ததில்லை.