தீவுக்கு நடுவுல ஒரு ரூம்

தீவுன்னா நாலு பக்கமும் கடல், அதனால நடுவுல போய்த் தங்கிட்டா நாலு பக்கத்துக் கடலும் கிட்டன்னு நான் நம்பினேன். இத நம்பும்போது எனக்கு வயசு அம்பதைத் தாண்டியாச்சு. டிகிரி இருக்கு. கண்ணாடியும் போட்டிருக்கேன்.

இந்த யோசனை திடீர்னு வந்ததில்ல. எங்க குடும்பமே இந்த யோசனையிலதான் ஓடிக்கிட்டிருக்கு. என் ஆபீஸ் பெங்களூர் பிரேசர் டவுன்ல. என் மனைவிக்கு வேலை ஊரோட தெக்குக் கோடியில, பொம்மசந்திராவுல, ஒரு மருந்து கம்பெனியில. கல்யாணம் ஆன புதுசுல வீடு எங்க பாக்கறதுன்னு பேச்சு வந்தப்போ, பெங்களூர்ல வேலைக்குப் போற எல்லா புருஷன் பொண்டாட்டியும் பண்றதைத்தான் நாங்களும் பண்ணோம். ரெண்டு ஆபீசுக்கும் நடுவுல விரல வெச்சோம். தொம்மலூர் வந்துச்சு. மேப்புல பாத்தா அது என் ஆபீசுக்குத்தான் கிட்ட. "ரோட்டுக்கு நடு வேற, டிராஃபிக்குக்கு நடு வேற"ன்னு அப்போ ஒரு விளக்கம் சொன்னேன். அவ இன்னைக்கு வரைக்கும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிச்சுப் போய்க்கிட்டிருக்கா.

கல்யாணம் ஆகி இருபத்தஞ்சு வருஷம் ஆனப்போ, எங்கயாவது போகணும்னு பொண்ணு புடிவாதம் புடிச்சா. அவ காலேஜ்ல கடைசி வருஷம். இலங்கைன்னு முடிவாச்சு. பிளேன்ல ஏறி ஒரு தூக்கம் போடறதுக்குள்ள இறங்கிடலாம், பாஷையும் பிரச்சனை இல்ல.

ராத்திரி சாப்பாட்டுல யாருக்கு என்ன வேணும்னு கேட்டேன். அதுதான் நான் பண்ண முதல் தப்பு. பொண்ணு, தெக்கால திமிங்கலம் பாக்கணும்னா. என் ஆபீஸ்ல ஒருத்தர் கிழக்குக் கடற்கரை தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்னு சொல்லியிருந்தார். இன்னொருத்தர் அவ்வளவு தூரம் போயிட்டு யாழ்ப்பாணம் பாக்காம வருவீங்களான்னு கேட்டிருந்தார். அவங்க ரெண்டு பேரும் எங்ககூட வரல, ஆனா அவங்க ஆசையையும் நான் சேத்துக்கிட்டேன்.

"உனக்கு?"ன்னு மனைவிகிட்ட கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுதான். கண்ணு முழிச்சா ஜன்னல்ல கடல் தெரியணும்."

அவ தங்கவயல்ல பொறந்து வளந்தவ. அங்க சுரங்கத்துல தங்கம் எடுத்துட்டு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி, ஊரச் சுத்தி மலை மலையா நிக்கும். சயனைடு மேடுன்னு சொல்லுவாங்க. காத்தடிச்சா சோத்துல வரைக்கும் அந்த மண்ணு வரும். "எங்க ஊர்ல பீச்சுக்கு வேண்டிய மணல் எல்லாம் இருக்கு, தண்ணிதான் போட மறந்துட்டாங்க"ன்னு அடிக்கடி சொல்லுவா. கடல அவ பாத்ததே ஒரு கல்யாணத்துக்கு மெட்ராஸ் போனப்போதான். அதுவும் எல்லாரும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அவ சொன்னத நாலு ஆசையில ஒரு ஆசையாத்தான் கணக்குல எடுத்துக்கிட்டேன்.

"அப்பா, ரெண்டு எடத்துல ரூம் போடலாம். முதல்ல கடல்கிட்ட, அப்புறம் வேற எங்கயாவது. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க"ன்னு பொண்ணு சொன்னா.

"பெட்டியக் கட்டறது, அவுக்கறது, மறுபடி கட்டறது. சும்னே பேஜாரு, வீண் தொல்லை"ன்னேன். "ஒரே எடம். அங்கிருந்து தினம் ஒரு பக்கம் போயிட்டு வரலாம்."

"அது பெரிய தீவுப்பா."

"நம்ம ஊர்ல இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி போறத விடவா?"

பெங்களூர்காரங்க கிட்ட ஒரு நம்பிக்கை உண்டு. சில்க் போர்டு சிக்னல் நெரிசலைத் தாண்டிட்டா உலகத்துல மத்த ரோடெல்லாம் காலியா கெடக்கும்னு. நான் அந்த நம்பிக்கையிலேயே வளந்தவன். ஆபீஸ் பிரிண்டர்ல இலங்கை மேப்ப எடுத்து, ஸ்கேல வெச்சு நடுவுல ஒரு புள்ளி வெச்சேன். அந்தப் புள்ளிக்குப் பக்கத்துலயே ஒரு ஹோட்டல் இருந்துச்சு. அவங்க வெப்சைட்ல 'தீவின் இதயத்தில்'னு போட்டிருந்தான். எனக்கு அது வசதின்னு பட்டுச்சு. உயரம் எவ்வளவுன்னும் போட்டிருந்தான், அத நான் படிக்கல.

பிளேன் கீழ இறங்கும்போது மனைவி ஜன்னல் சீட்ல இருந்தா. தென்னமரம், அதுக்கு அந்தப் பக்கம் கடல். ஏர்போர்ட்டே கடற்கரையில இருக்கற மாதிரிதான். அவ என் கையப் புடிச்சு, "இவ்வளவு கிட்டவா"ன்னு கேட்டா. வெளிய வந்து வேன்ல ஏறினோம். வேன் கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டுக் கெளம்பிச்சு. அவ பின்னாடி கண்ணாடி வழியா கொஞ்ச தூரம் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தா. அப்புறம் கழுத்து வலிச்சிருக்கும், முன்னாடி திரும்பிக்கிட்டா.

ஏறினோம், ஏறினோம், ஏறிக்கிட்டே இருந்தோம். காது அடைச்சுச்சு. வேன்காரர் ஏசிய நிறுத்திக் கண்ணாடிய எறக்கினார், அப்புறம் அதயும் ஏத்தினார், அப்புறம் ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டார். நாங்க மூணு பேரும் அரைக்கை பருத்தித் துணியில உக்காந்திருந்தோம்.

ஹோட்டல்ல மேனேஜர் குல்லா போட்டுக்கிட்டு வரவேற்றார். நல்ல தமிழ். "பெங்களூரா சேர்? அப்ப இந்தக் குளிர் உங்களுக்குப் பழக்கம்தானே"ன்னார். ரூம்ல ஆளுக்கு ரெண்டு கம்பளி வெச்சிருந்தாங்க. மனைவி நேரா போய் ஜன்னலத் திறந்தா. பனி உள்ள வந்துச்சு. அது கொஞ்சம் விலகினதும் தேயிலைச் செடி தெரிஞ்சுது. அதுக்கு அந்தப் பக்கமும் தேயிலைச் செடி.

"கடல் எந்தப் பக்கம்?"னு கேட்டா.

"எல்லாப் பக்கமும்"னேன்.

அவ ஜன்னலச் சாத்திட்டு கம்பளியப் போத்திக்கிட்டுப் படுத்துட்டா.

மறுநாள் தெக்குக் கடலுக்குப் போனோம். மேப்புல என் சுண்டு விரல் நீளம்கூட இல்ல. ரோடு அந்த விரல் மாதிரி இல்ல, குடல் மாதிரி இருந்துச்சு. மூணாவது வளைவுலயே மனைவி எலுமிச்சம்பழத்த மூக்குல வெச்சுக்கிட்டா. வழியில ரெண்டு எடத்துல வண்டிய நிறுத்த வேண்டியதாச்சு. நான் முன் சீட்ல உக்காந்துக்கிட்டு, இன்னும் இத்தனை கிலோமீட்டர், இன்னும் இத்தனை கிலோமீட்டர்னு தைரியம் சொல்லிக்கிட்டே வந்தேன். அது தைரியம்னு நான்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

போய்ச் சேர்றப்போ மத்தியானம் சாஞ்சிருச்சு. திமிங்கலம் பாக்கற படகெல்லாம் காலையிலேயே போயிட்டு வந்து, கயித்துல கட்டிக் கெடந்துச்சு. மனைவி செருப்பக் கையில எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குள்ள போனா. சுடிதார் முட்டி வரைக்கும் நனைஞ்சிருக்கும், அவ்வளவுதான். வேன்காரர் வந்து என் காதுகிட்ட, "சேர், இப்ப கெளம்பினாத்தான் உண்டு. இருட்டினா மேல பனி எறங்கிரும், ரோடு தெரியாது"ன்னார். அத நான்தான் போய் அவகிட்ட சொல்லணும். சொன்னேன். அவ திரும்பிப் பாக்காம, "ஒரு நிமிஷம்"னா. அந்த ஒரு நிமிஷம் கொஞ்சம் நீண்டுச்சு. வேன்காரர் ஹாரன் அடிச்சார்.

திரும்பி வர்ற வழியில அவ வாந்தியும் எடுக்கல, பேசவும் இல்ல. வாந்தி எடுத்திருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

காலையில நான் குளிச்சுட்டு வந்தப்போ பெட்டி கட்டியிருந்துச்சு. அவளோடதும் பொண்ணோடதும்.

"எங்க?"

"கீழ. ஏர்போர்ட் பக்கம் கடலோரமா ஒரு ரூம் இருக்காம். மேனேஜர் போன் பண்ணி சொல்லிட்டார்."

"இங்க இன்னும் ரெண்டு நாளுக்குப் போட்டிருக்கே."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

நான் பொண்ணப் பாத்தேன். அவ ஷூ லேஸக் கட்டிக்கிட்டே, "அது ரெண்டு பேர் ரூம்தான்பா. கேட்டா இன்னொரு கட்டில் போடுவாங்க. கேக்கட்டுமா?"ன்னா.

இந்த எடத்துல எந்தப் புருஷனும் "கேளு"ன்னு சொல்லியிருப்பான். நான், "வேணாம். நாளைக்கு யாழ்ப்பாணம் போகலாம்னு இருக்கேன்"னேன். யாழ்ப்பாணம் போக ஒரு நாள் பத்தாதுன்னு அதுக்குள்ள எனக்கும் தெரிஞ்சிருச்சு. மனைவி, "சரி, பத்திரமா போயிட்டு வாங்க"ன்னா. அவ கோவமா சொல்லியிருந்தா பதில் சொல்லியிருக்கலாம். சாதாரணமா சொன்னா.

வேன் கீழ எறங்கறத ஜன்னல்லருந்து பாத்தேன். ரெண்டு வளைவு தெரிஞ்சுது, அப்புறம் பனி மறைச்சிருச்சு.

யாழ்ப்பாணம் போகல. ரூம்ல உக்காந்து டீ குடிச்சேன். நல்ல டீ. மேனேஜர் அப்பப்போ வந்து, "அம்மா இல்லையா சேர்?"னு கேட்டுட்டு, அவரே, "ஆ, கீழ போயிட்டாங்க இல்ல"ன்னு பதிலும் சொல்லிட்டுப் போவார். டிவியில ஒரு தமிழ் சீரியல் ஓடிச்சு. வீட்ல அவ பாக்கறப்போ நான் கிண்டல் பண்ற சீரியல்தான். முழுசா பாத்தேன். நடுவுல அந்த மாமியார் ஏன் அழறான்னு புரியல, கேக்கறதுக்கு ஆள் இல்ல.

ரெண்டாவது நாள் பொண்ணு ஒரு போட்டோ அனுப்பினா. ஈர மணல்ல அவங்க அம்மா கால நீட்டி உக்காந்திருக்கா. முதுகு மட்டும் தெரியுது. தலைமுடி அவுந்து கெடக்குது, அவ அதக் கட்டல. நான் அத அப்படியே குடும்ப குரூப்புல போட்டேன். தங்கவயல்லருந்து மச்சான், "மாமா, போட்டோ சூப்பர். நீங்க எடுத்ததா?"ன்னு கேட்டான். கட்ட விரல் தூக்கின பொம்மை ஒண்ணு அனுப்பினேன்.

ஏர்போர்ட்ல பாத்தப்போ மனைவிக்கு வெயில்ல மூக்கும் நெத்தியும் கறுத்திருந்துச்சு. எனக்கு ஜலதோஷம். "மாத்திர போட்டீங்களா?"ன்னு கேட்டா, பையிலருந்து எடுத்தும் குடுத்தா. பிளேன்ல தூங்கிட்டா. நான் தும்மினப்போகூட முழிக்கல.

வந்து ஒரு வாரம் கழிச்சு, ஞாயித்துக்கிழமை, மொட்ட மாடியில அவ துணி காயப் போட்டுக்கிட்டிருந்தா. நானும் போய் ஒரு பக்கம் புடவையப் புடிச்சேன். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தத அப்போதான் கேட்டேன்.

"அங்க கடல்கிட்ட இருந்தப்போ, நானும் வந்திருக்கலாம்னு உனக்குத் தோணலையா?"

புடவைய ஒரு உதறு உதறி கொடியில போட்டா. கிளிப்ப மாட்டினா.

"உண்மையச் சொல்லட்டுமா?"ன்னா. "அந்த ரெண்டு நாளும் உங்க ஞாபகமே வரல. அவ்வளவு நல்லா இருந்துச்சு."