நான் கெடுத்த ஓக் மரம்

இங்கே காலையில் வேலைக்கு வந்ததும் காபியைக் குடித்துக்கொண்டே, இன்னும் அறுபது வருடம் கழித்து வெட்ட வேண்டிய மரத்தைப் பற்றிப் பேசுவார்கள், நாளைக்குப் பால் வாங்க வேண்டும் என்று பேசுவதைப் போல. இப்போது பேசிக்கொண்டிருக்கும் நாங்கள் யாரும் அன்றைக்கு இருக்கமாட்டோம் என்பது ஒருவருக்கும் உறைப்பதில்லை. பிரான்சின் நடுப்பகுதியில் இருக்கும் இந்த ஓக் காட்டுக்கு நான் வேலைக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. எனக்கு மட்டும் அது இன்னும் விநோதமாகத்தான் இருக்கிறது.

நான் சவுக்குத் தோப்புக்காரன். கல்பாக்கத்துக்குத் தெற்கே, கடல் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் எங்கள் மணல் நிலம். சவுக்கு நட்டால் நாலு வருடம். பொறுமைசாலி என்றால் ஐந்து. பிறகு வெட்டு, கட்டு, லாரியில் ஏற்று. சாரம் கட்டவும் பந்தல் போடவும் மாமல்லபுரம், செங்கல்பட்டு என்று போய்விடும். அப்பா போன பிறகு அண்ணன் சேகர்தான் தோப்பைப் பார்க்கிறான். ஒருமுறை கட்டுத் தூக்கும்போது அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அதோடு சரி, இன்னும் விடவில்லை. “அடுத்த வெட்டுக்கு வந்துடறேண்ணா, அப்பறம் தோப்பு என் பொறுப்பு” என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். போன வெட்டுக்கு ஏமாற்றினேன். இந்த வெட்டுக்குக் கண்டிப்பாக வருவதாகச் சத்தியம் செய்திருந்தேன்.

இங்கே ஓக்கை யாரும் நடுவதில்லை. விதை உதிர்ந்து ஆயிரக்கணக்கில் தானாக முளைக்கிறது. அதில் நேரானதாகப் பார்த்துத் தேர்ந்து, அதை நெருக்குகிறவற்றைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இருநூறு வருடம் வரை வளர்க்கிறார்கள். முடிச்சு இல்லாத பலகை கிடைத்தால் ஒயின் பீப்பாய்க்குப் போகும். முடிச்சு விழுந்துவிட்டால் அவ்வளவு பாடும் விறகுக்குத்தான். காட்டுக்குப் பொறுப்பாளர் மரியான் என்கிற அம்மாள். வந்த புதிதில், எங்கள் ஊரில் மரங்களை நாலு வருடத்தில் வெட்டிவிடுவோம் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போய், “ஐயோ, என்ன நோய் அது?” என்று கேட்டார். விளங்கவைக்க எனக்கு அப்போது பிரெஞ்சு போதவில்லை. அந்த வாரம் முழுக்க என்னிடம் துக்க வீட்டுக்காரனிடம் பேசுவதைப் போலவே பேசினார்.

போன வருடத்துக் குளிர்காலத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். நூற்று நாற்பது வயது ஓக் ஒன்று, தேர்ந்த மரம் என்பதற்கு அடையாளமாக வெள்ளைப் பெயிண்டில் பட்டை போட்டது. அதன் தலையை இடிக்கிற இரண்டு மரங்களை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எடுத்தேன். கீழே பார்த்தால் அடிமரத்தைச் சுற்றி ஷார்ம் என்கிற நடுத்தர மரங்கள் மண்டிக் கிடந்தன. எங்கள் தோப்பில் அடியில் ஒரு புதர் நின்றால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. கை சும்மா இருக்கவில்லை. அத்தனையையும் வெட்டித் தரையைச் சுத்தமாக்கிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

வெயில் காலம் வந்ததும் அந்த அடிமரமெங்கும் குபுகுபுவென்று துளிர் கிளம்பியது. நான்கூட முதலில் சந்தோஷப்பட்டேன். மரியான் வந்து பார்த்தார். மரத்தைத் தடவியபடியே வெகுநேரம் நின்றார்.

“யார் வெட்டியது?”

“நான்தான். சுத்தம் செய்தேன்.”

“அது குப்பை இல்லை. இந்த மரத்தின் சட்டை. வெயில் நேராகப் பட்டால் பட்டைக்குள் தூங்குகிற மொட்டெல்லாம் விழித்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஒரு முடிச்சு.”

நூற்று நாற்பது வருடம் யார் யாரோ பார்த்துப் பார்த்து வளர்த்ததை ஒரு காலைப் பொழுதில் கெடுத்துவிட்டேன். அவர் திட்டவில்லை. “ஷார்ம் அடிக்கட்டையிலிருந்து திரும்ப வரும். மான் கடிக்காமல் வேலி போட வேண்டும். அது வளர்ந்து நிழல் தரும்வரை ஓக்கின் துளிரை வருடாவருடம் கையால் எடுக்க வேண்டும். பதினைந்து வருடமாவது ஆகும். நீ இருப்பாயா?” என்று கேட்டார்.

இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அண்ணன் ஞாபகம் வந்தது.

இந்த ஆவணியில் அவனே கூப்பிட்டான். “இன்னாடா, டிக்கெட் போட்டியா? லாரிக்காரன் கேட்டுகினே கீறான்.”

எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப மரத்துக்கு ஆயா வேல பாக்கப் போறன்னு சொல்லு.”

“நான் கெடுத்ததுண்ணா.”

“சரி. என் முதுவு ஒடிஞ்சா நம்ம தோப்ப யாரு பாக்கறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டான். பத்து நாள் பேசவில்லை. நானாகக் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

பதினோராம் நாள், நான் அந்த ஓக்கடியில் துளிர் கிள்ளிக்கொண்டிருந்த மத்தியானத்தில், வீடியோவில் வந்தான். தோப்பு வெட்டி முடிந்து மொட்டையாகக் கிடந்தது. கடல் பக்கம் மட்டும் ஒரே ஒரு வரிசை நின்றது.

“இன்னாண்ணா, அத மறந்துட்டாங்களா?”

“நான்தான் வுடச் சொன்னேன். ஐப்பசி மழைக்கு நடற கன்னுக்கு உப்புக்காத்து அடிக்காம நிக்கட்டும். உன் மரத்துக்கு மட்டும்தான் சட்டையா?”

“முதுவு எப்டி கீது?” என்றேன்.

“கீது, அது எங்க போவப்போவுது. கன்னு நட ஆளு வெச்சிக்கிறேன். நீ அந்த மரத்த ஒழுங்கா பாரு. கெடுத்துட்டு ஓடியாந்துட்டான்னு என் தம்பிய எவனும் சொல்லக் கூடாது.” போனைக் கடல் பக்கம் திருப்பினான். “ஆனா இந்த வரிசய நீ வந்துதான் வெட்டணும். அதுவரிக்கும் யாரையும் தொட வுடமாட்டேன்.”

சவுக்கைப் பதினைந்து வருடம் யாரும் விட்டுவைப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

யாரோ கூப்பிட, போனை அணைக்காமல் அந்த வரிசையில் ஒரு மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். நானும் அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஷார்ம் துளிர்கள் என் முழங்கால் உயரம் வந்திருந்தன. வேலியைச் சரிபார்த்துவிட்டு ஓக்கின் துளிரை ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். சட்டைப் பைக்குள் எங்கள் சவுக்கு இரைந்துகொண்டிருந்தது.